பிள்ளைகளுக்கு ரோபோ வைத்து கோடிங்: கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுங்கள்

போன வாரம் ஒரு புது ஆசிரியையின் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பீ-பாட், அதாவது முதுகில் உள்ள அம்புக்குறிப் பட்டன்களை அழுத்தி ஓட்டும் சின்னத் தேனீ ரோபோ, பிள்ளை நினைத்த கட்டத்துக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பியது. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் டீச்சரின் கை போய் ரோபோவைத் தூக்கிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன்பு அந்தக் கை என்னுடையது.

புதிதாக வரும் டீச்சர்கள் செய்யும் தவறுகள் சில கீழே. சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒரு நாள் வகுப்பு நடுவே ரோபோ படுத்துவிட்டால் அந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

எக்ஸ் பட்டன்

பீ-பாட் பழைய கட்டளைகளை மறக்காது. புதிதாக அழுத்துவது பழையதன் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் பழையதை அழிக்கும் எக்ஸ், பிறகுதான் அம்புக்குறி.

கண்மதிப்பில் கட்டம் வரைவது

ஒரு முன் அம்புக்குறிக்கு பீ-பாட் 15 செ.மீ. நகரும். சார்ட்டில் இடம் பற்றவில்லை என்று நான் ஒருமுறை 14 செ.மீ. கட்டம் போட்டேன். ஒரு சென்டிமீட்டர்தானே? ஐந்தாவது நகர்வில் 5 செ.மீ. தள்ளி, கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது ரோபோ. சரியாக எண்ணி அழுத்திய பையன் தன் கணக்குத்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டான். அளவுகோலை எடுங்கள். அப்புறம், தடித்த கம்பளத்தின் மேல் சார்ட்டை விரிக்காதீர்கள், ரோபோ கோணலாகப் போகும்.

ரோபோவைத் தூக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் இடப்பக்கம், அங்கே ஒரு பூ. அவள் அழுத்தியது: முன், முன், இடது, பிறகு ஓட வைக்கும் ‘கோ’ பட்டன். இந்த வயதில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்வதுதான். இடது அம்புக்குறி என்றால் இடப்பக்கக் கட்டத்துக்குப் போகும் என்று நினைக்கிறார்கள். பீ-பாட்டோ நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்பும், அவ்வளவுதான். பூவைப் பார்த்தபடி நின்றுவிட்டது. நான் தூக்கிப் பூவின் மேல் வைத்து, “இன்னொரு முன் போடணும், இல்லையா?” என்றேன். தலையாட்டினாள். நல்ல டீச்சர் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த வகுப்புகளில்தான் கவனித்தேன். ‘கோ’ பட்டனை அழுத்துவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பாள். என் புருவம் லேசாக உயர்ந்தால் உடனே எக்ஸ். அவள் ரோபோவைப் படிக்கவில்லை, என்னைப் படித்துக்கொண்டிருந்தாள். அதை மாற்ற எனக்கு அரை வருடம் பிடித்தது.

தப்பாகப் போகும் ரோபோதான் பாடமே. நான் நினைத்தது ஒன்று, சொன்னது வேறு என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நிமிடம் அது. நாம் தூக்கும்போது அந்த நிமிடத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

இப்போது நான் செய்வது இதுதான். ரோபோ எங்கே போனாலும் கடைசிக் கட்டளை வரை ஓட விடுவேன். அழுத்தியதை அம்புக்குறி அட்டைகளாகத் தரையில் வரிசையாக வைக்கச் சொல்வேன். மறுபடி ஓட்டும்போது ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அட்டையின் மேல் விரல் நகர வேண்டும். “எது வரைக்கும் நீ நினைச்ச மாதிரியே போச்சு?” இதற்கு மேல் ஒரு கேள்வியும் கிடையாது. விரல் எந்த அட்டையில் தயங்குகிறதோ அங்கேதான் பிழை.

அப்படியும் பிடிபடவில்லையா? எழுந்து நின்று ரோபோவாக நடக்கட்டும். “இடது” என்றதும் உடம்பு திரும்பும், கால் நகராது. இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1967-இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், அந்த மொழியின் கட்டளைக்கு நகரும் ஆமையை எப்படித் திருப்புவது என்று குழம்பும் பிள்ளையை ஆமையாகவே நடந்து பார்க்கச் சொன்னவர்.

“அடுத்த பிள்ளை காத்திருக்கே” என்பார்கள். காத்திருக்கட்டும். அந்தப் பிள்ளையும் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

எதிரே உட்காருவது

ரோபோ பிள்ளையைப் பார்த்து வரும்போது அதன் இடது, பிள்ளையின் வலது. ஆரம்ப வாரங்களில் பிள்ளை ரோபோவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே எதிரே உட்கார வையுங்கள். அது தனி வேடிக்கை.

ஒரு ரோபோவுக்கு ஆறு பேர்

இரண்டு பேர் அழுத்துவார்கள், நான்கு பேர் சண்டை போடுவார்கள். மூன்று பேர் போதும்.

சீக்கிரம் திரைக்குத் தாவுவது

திரையில் கோடிங் பழகும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி எங்கேயும் ஓடிப் போகாது.