குறைந்த செலவில் கிராஸ் ஸ்டிச்: ஆரம்பத்தில் செய்யக்கூடாத தவறுகள்

எண்ணித் தைக்கும் கிராஸ் ஸ்டிச்சில் துணிமேல் எந்தப் படமும் அச்சடித்திருக்காது. சார்ட்டில், அதாவது கட்டம்போட்ட தாளில் இருக்கிற மாதிரிப் படத்தில், ஒரு கட்டம் என்றால் துணியிலும் ஒரு கட்டம், அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. தேவைப்படுவதும் துணி, நூல், ஊசி, சார்ட், துணியை இழுத்துப் பிடிக்க ஒரு வளையம் மட்டும்தான். அப்படியும் நிறையப் பேருக்கு முதல் முயற்சியிலேயே கையைக் கடித்துவிடுகிறது. நான் பார்த்தவரை, விலை கூடின பொருளை வாங்கியதால் வீணான பணத்தைவிட, முடிக்கவே முடியாத வேலையை ஆரம்பித்து வீணான பணம்தான் அதிகம்.

அதனால் முதலில் டிசைன். 200-க்கு 200 கட்டத்தில் துணி தெரியாமல் நிரப்புகிற படம் என்றால் 40,000 தையல். 70-க்கு 70 என்றால் அதிகபட்சமே 4,900. இதில் நிற எண்ணிக்கையையும் பாருங்கள், ஏனென்றால் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது: டிஎம்சி மாதிரியான கம்பெனி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதில் 6 இழை, இரண்டிரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கட்டிலேயே ஆயிரம் தையலுக்கு மேல் போடலாம். 40 நிறம் கேட்கிற படத்துக்கு 40 கட்டு வாங்கினால் பல கட்டுகளில் பத்து இருபது தையல் போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே எடுத்து வைப்பீர்கள். ஐந்தாறு நிறத்தில் முடிகிற டிசைன், அல்லது ஒரே நிறத்தில் தைக்கிற கோல வடிவம், தொடங்க இதைவிட நல்லது இல்லை.

துணியில் நடக்கிற தவறு கணக்கில்தான். கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 கவுன்ட் என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். எண் கூடக்கூடக் கட்டம் சிறியதாகும். 70 தையல் அகல டிசைன் 14 கவுன்டில் 5 அங்குலம் வரும், அதே டிசைன் 18 கவுன்டில் 4 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இந்த வகுத்தலைப் போடாமல் துணியை வெட்டாதீர்கள். பக்கத்துக்கு 3 அங்குலம் மிச்சம் விடணும், ஆக அந்த 5 அங்குலப் படத்துக்கு 11 அங்குலத் துணி. மிச்சப்படுத்துகிறேன் என்று ஓரத்தை ஒட்ட வெட்டினால் கடைசியில் ஃபிரேம் போட இடம் இருக்காது. அப்புறம், வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு கட்டம்போட்ட துணியில் முயற்சி செய்வதாக இருந்தால் ஸ்கேல் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் வட்டமாகத் தைத்தது முட்டை வடிவமாகத்தான் வரும்.

நூலில் நான் ஒரே ஒரு இடத்தில் பிடிவாதமாக இருப்பேன்: சிவப்பு, கருநீலம், கறுப்பு. இந்த மூன்றையும் பெயர் தெரியாத மலிவு நூலில் வாங்கினால், தைப்பதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது இந்த வேலைக்கு ஆகாது. வாரக்கணக்கில் தைத்த வெள்ளைத் துணி முதல் அலசலிலேயே ரோஸ் நிறமானதை ஒரு தடவை பார்த்தவள் நான், அந்த வலி யாருக்கும் வேண்டாம். மற்ற நிறங்களில் கையில் இருப்பதை வைத்து மாற்றிக்கொள்ளலாம், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இருண்டது இருண்டதாகவும் வெளுத்தது வெளுத்ததாகவும் இருக்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். ஆனால் நிற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஎம்சி எண்ணை வைத்து ஆங்கர் நூல் வாங்கினால் வேறு நிறம்தான் கையில் வரும். எண் எழுதிய தாளைத் தூக்கிப்போடுவதும் பெரிய தவறு. பழைய அட்டையை வெட்டி நூலைச் சுற்றி, மேலே எண்ணை எழுதி வையுங்கள். தனியாகப் பெட்டி வாங்கத் தேவையே இல்லை.

ஆறு இழையையும் ஒன்றாகக் கோத்துத் தைப்பவர்களும் உண்டு. 14 கவுன்டுக்கு இரண்டு இழை போதும். ஒவ்வொன்றாக உருவினால் சிக்காது. 18 அங்குலத்துக்கு மேல் நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்ப்போய் நூல் பஞ்சாகிவிடும். ஊசி முனை மொட்டையாக இருக்கணும், 14 கவுன்டுக்கு 24-ஆம் எண். கூர்மையான ஊசி துணி இழையையே கிழித்துக்கொண்டு போகும்.

இனி எண்ணுவது. துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, சார்ட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். சார்ட்டில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும், அதே மாதிரி துணியிலும் பத்துப் பத்துக்கு ஒரு தையல் நூலை ஓட்டிவிடுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போகும், போகட்டும். ஒரு கட்டம் தப்பி அது இருநூறு தையலுக்கு அப்புறம் தெரியவந்தால், பிரிக்கிற நூல் திரும்பத் தைக்க லாயக்கில்லாமல் போகும், அந்த நூலும் காசுதான். போட்ட தையலை சார்ட்டின் நகலில் உடனுக்குடன் அடித்துக்கொண்டே வாருங்கள். தப்பு ஒரு இலையின் ஓரத்தில் ஒரே தையல் என்றால் அப்படியே விடலாம், யாருக்கும் தெரியாது. வெளிக்கோட்டில் என்றால் அடுத்து வருவதெல்லாம் நகரும், அதனால் பிரித்தே ஆகணும்.

பெருக்கல் குறியில் மேலே வருகிற கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாயணும், இல்லையென்றால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பின்னால் முடிச்சுப் போடாதீர்கள், முன்பக்கம் புடைக்கும். நூல் முனையை நாலைந்து தையலுக்கு அடியில் ஓட்டிவிட்டால் நிற்கும். கறுப்பு நூலை வெற்று இடத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போனாலும் முன்னால் நிழலாகத் தெரியும்.

தைக்காத நேரத்தில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், அந்தத் தடம் லேசில் போகாது. முடித்ததும் நேராக இஸ்திரி போடாதீர்கள். கை அழுக்கும், தண்ணீரில் அழியும் பேனாவில் போட்ட கோடும் சூட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசுங்கள். சாயம் இறங்கினால் காயவிடாமல், தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசணும். பிறகு கெட்டித் துண்டின்மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள், தையல் நசுங்காமல் இருக்கும்.