போருக்கு இட்டுச்சென்ற பாதையைப் படிக்கும் முறை: சேலத்து மாணவர்களுக்கு

முதல் உலகப் போருக்கான காரணங்களைக் கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் ஏகாதிபத்தியம், தேசியவாதம், படைபலப் போட்டி, கூட்டணிகள் என்று நான்கையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். இந்த நான்கும் 1905-லும் இருந்தன, 1911-லும் இருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளிலும் மொராக்கோவை முன்னிட்டுப் போர் மூளும் நிலைவரை போன ஐரோப்பா, மூளாமல் திரும்பியது. அப்படியானால் 1914-இல் மட்டும் ஏன் திரும்ப முடியவில்லை? குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள்.

ஏகாதிபத்தியப் பாடத்தை ஆப்பிரிக்க வரைபடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். சேலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதிப்பதையே தலையாய வேலையாகக் கொண்டார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய, உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிராக்கினார். எந்த ஆவணத்தின் பேரில் நிலம் கைமாறியது, வரியை நிர்ணயித்தவர் யார், விளைபொருள் யாருடைய சந்தைக்குப் போயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் உள்ளூர் வரலாற்றில் விடை தேடிப் பழகியவர், அதே கேள்விகளை எகிப்திடமும் காங்கோவிடமும் தயக்கமின்றிக் கேட்பார். ஆப்பிரிக்க ஆட்சியாளர் ஒருவர்கூட அழைக்கப்படாமல் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசிய 1884-85 பெர்லின் மாநாடும், பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாக 1908 வரை இருந்து ரப்பருக்காகச் சூறையாடப்பட்ட காங்கோவும் அப்போது வெறும் தேர்வுக் குறிப்புகளாக நிற்கமாட்டா.

அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். காலனிகளுக்காக அடித்துக்கொண்டவர்களே போரிலும் எதிரெதிராக நின்றார்கள் என்று எண்ணிக்கொண்டால் கணக்கு ஒத்துவராது. 1898-இல் சூடானில் நைல் நதிக்கரையிலுள்ள ஃபசோடாவில் நேருக்கு நேர் நின்றவர்கள் பிரிட்டனும் பிரான்சும். மத்திய ஆசியாவில் பல பத்தாண்டுகள் ஒருவரையொருவர் சந்தேகித்தவர்கள் பிரிட்டனும் ரஷ்யாவும். ஆனால் 1914-இல் இம்மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள். எகிப்தில் பிரிட்டனுக்கும் மொராக்கோவில் பிரான்சுக்கும் தடையில்லை என்று 1904-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது; பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் ஆகியவற்றைக் குறித்து 1907-இல் இன்னொன்று ஏற்பட்டது. பிறர் நிலத்தைத் தங்களுக்குள் பங்கிட்டே இவர்கள் நண்பர்களானார்கள். அந்த நட்பைச் சோதித்துப் பார்க்க 1905-இல் ஜெர்மானியப் பேரரசர் டான்ஜியருக்குச் சென்றதும், 1911-இல் அகாதிருக்கு ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்றதும் அதை இன்னும் இறுக்கவே செய்தன. ஆகவே ஒவ்வொரு காலனித் தகராறுக்கும் எதிரே, மோதியவர் யார், தீர்த்துவைத்த ஒப்பந்தம் எது, அந்தத் தீர்வில் வெளியே விடப்பட்டவர் யார் என்று எழுதுங்கள். மூன்றாவது வரியில் ஜெர்மனியின் பெயர் அடிக்கடி வருவதை நீங்களே காண்பீர்கள்.

தேசியவாதத்துக்கு 1815, 1871, 1914 ஆகிய ஆண்டுகளின் ஐரோப்பிய வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இத்தாலியையும் ஜெர்மனியையும் ஒன்றுசேர்த்த அதே உணர்வு, பல இனங்கள் வாழ்ந்த ஆஸ்திரியா-ஹங்கேரியையும் உதுமானியப் பேரரசையும் பிளக்கத் தலைப்பட்டது. 1908-இல் செர்பியாவும் கண்வைத்திருந்த போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்டபோது, ஜப்பானிடம் தோற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த ரஷ்யாவால் தன் ஆதரவில் இருந்த செர்பியாவுக்காகப் போரிட முடியவில்லை. 1912-13 பால்கன் போர்களில் செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. இன்னொரு முறை பணிவதில்லை என்று ரஷ்யாவும், இனியும் பொறுத்தால் பேரரசு சிதறிவிடும் என்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவும், ரஷ்யா முழு பலம் பெறுமுன் மோதிவிடுவதே மேல் என்று பெர்லினில் படைத் தலைவர்களும் எண்ணத் தொடங்கிய நிலையைக் கவனித்தால், முதல் பக்கத்துக் கேள்விக்கு விடை மெல்லப் பிடிபடும்.

படைபலப் போட்டியைப் பற்றி, 1906-இல் வந்த, பழைய போர்க்கப்பல்களை மிஞ்சிய பிரிட்டனின் டிரெட்நாட் கப்பலும், பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை விரைவில் வீழ்த்திவிட்டு ரஷ்யாவின் பக்கம் திரும்புவது என்ற ஜெர்மானியத் திட்டமும் தெரிந்தால் போதும்.

1914 ஜூன் 28 முதல் ஆகஸ்டு 4 வரையிலான வாரங்களுக்கு ஒரு முழுத்தாளை ஒதுக்கி, வியன்னா, பெர்லின், பெல்கிரேடு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என்று ஆறு பத்திகள் போடுங்கள். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்ட சரயேவோ கொலை, ஜூலை 5 அன்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி அளித்த நிபந்தனையற்ற வாக்குறுதி, ஜூலை 23 அன்று 48 மணி நேரக் கெடுவுடன் செர்பியாவுக்குப் போன இறுதி எச்சரிக்கை, பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்ற செர்பியாவின் பதில், ஜூலை 28 போர் அறிவிப்பு, ஜூலை 30 ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல் ஆணை என ஒவ்வொன்றையும் உரிய பத்தியில் எழுதி, அந்தத் தலைநகரம் அன்று வேறு எதைச் செய்திருக்கலாம் என்பதை அடியில் ஒரே வரியில் குறியுங்கள். யார் குற்றவாளி என்ற தீர்ப்பை இதற்குப் பிறகே தேடுங்கள். பழி ஜெர்மனியுடையது என்று வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆவது பிரிவை மேற்கோள் காட்டுவோர் உண்டு. அது 1919-இல் வென்றவர்கள் இழப்பீட்டுக்கு அடிப்படையாக எழுதிய வாசகம் என்பதால், அதைச் சான்றாகக் கொள்ளாமல் போரின் விளைவாகவே படிக்க வேண்டும். ஜெர்மானிய ஆவணங்களை ஆராய்ந்து 1961-இல் தம் நாட்டின் மீதே பெரும்பொறுப்பைச் சுமத்திய ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷரின் வாதம் வேறு வகையைச் சேர்ந்தது.

இந்த முறை கைவந்தபின், 1931 மஞ்சூரியா, 1935 எத்தியோப்பியா, 1938 மியூனிக் வழியாக, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பர்வரை இதையே நீட்டுங்கள். 1914-இல் லண்டன் எடுத்த முடிவு, 1792 முதல் அதன் பிடியில் இருந்த சேலத்தையும் கேளாமலே போருக்குள் இழுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்தார்கள். 1939-இலும் வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேளாமல்தான் இந்தியா போரில் இறங்கியதாக அறிவித்தார்; ஆனால் இம்முறை, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜியின் தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் இங்கே மாறியது என்ன என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் இரண்டு பக்கங்களுக்கு எழுதிப் பாருங்கள்.