பழைய நுண்ணோக்கி: பல் தேய்ந்ததா, கிரீஸ் காய்ந்ததா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், தேக்குப் பெட்டிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே என்றாவது ஒரு பித்தளை நுண்ணோக்கி கண்ணில் படலாம். "பல்லு தேஞ்சுபோச்சு, ஷோகேஸுக்குத்தான் ஆகும்" என்று கடைக்காரர் சொன்னால் மறுக்காதீர்கள், விலை குறையும். பெரும்பாலும் கோளாறு பல்லில், அதாவது குழாயை ஏற்றி இறக்கும் பல்சக்கர அமைப்பில், இருக்காது.

முதலில் லென்ஸ்களைக் கழற்றித் தனியே வையுங்கள். கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். ஆத்தங்குடித் தரையின் பூவேலையில் சின்ன ஸ்க்ரூ விழுந்தால் தேடி மாளாது.

அடுத்து, பெரிய குமிழைத் திருகிக் குழாயை மேலும் கீழும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் கனமாக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. கையை எடுத்ததும் குழாய் தானாக இறங்கினால் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் குதித்து ஓடினால்தான் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோகஸ் செய்வது எப்போதும் ஒரு சின்ன எல்லைக்குள்தான் என்பதால், குழாயோடு பொருத்திய, பல் வெட்டிய நேரான பல்சட்டத்தில் அந்தச் சில பற்கள் மட்டும் மெலிந்து முனை கூராகியிருக்கும். மேலும் கீழும் உள்ளவை புத்தம்புதிதாக இருக்கும். இடுக்கில் பொன்னிறத் தூள் மின்னினால் பித்தளை தேய்கிறது. நம்மூர்ச் செம்மண் தூசியும் அங்கேதான் சேரும். கிரீஸோடு கலந்தால் அரம்போல அறுக்கும்.

சரி, சுத்தம் செய்வோம். அடுப்பில்லாத இடத்தில் உட்கார்ந்து, பழைய டூத்பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டுப் பற்களைத் தேயுங்கள். கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்து உலர்த்துங்கள். ஸ்பிரிட் வேண்டாம், பழைய பித்தளைமேல் பூசிய அரக்கு வார்னிஷைக் கரைத்துவிடும். புளி போட்டுப் பளபளப்பாக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், குழாய் வழுக்கி ஓடும் தடத்தில் புது கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகும். தையல் மிஷின் எண்ணெய் வழிந்து லென்ஸ் வரை போகும்.

குழாய் இறங்குகிறதா? பினியன், அதாவது பல்சட்டத்தைத் தள்ளும் சின்னப் பல்சக்கரம். அதன் தண்டை மூடியிருக்கும் தகட்டின் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இன்றைய மாணவர் நுண்ணோக்கிகள் சிலவற்றில் இதற்கென்றே குமிழையொட்டி ஒரு வளையம் உண்டு. பல் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், பல்சட்டத்தைக் கழற்றி அதன் பின்னால் மிக மெல்லிய பித்தளைத் தகடு வைத்து முன்னே தள்ளலாம். தகடு தடித்தால் பினியன் சிக்கிக்கொள்ளும்.

ஃபோகஸை நுணுக்கமாகச் சரிசெய்யும் நுண்குமிழ் முட்டி நின்றால் அழுத்தித் திருகாதீர்கள். அநேகமாக அது தன் எல்லையைத் தொட்டிருக்கும். எதிர்ப்பக்கம் திருகி நடுவில் நிறுத்துங்கள். அதன் உள்பாகத்தை மட்டும் கை பழகும்வரை திறக்க வேண்டாம்.