மறுமை உண்டா, இல்லையா: வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆன்மாவின் எடை 21 கிராம், விஞ்ஞானமே சொல்லியிருக்கிறது" என்பவர்கள் பெரும்பாலும் மூலச் சோதனையைப் பார்த்ததில்லை. அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் 1907-இல் வெளியிட்டது அது. சாகும் தறுவாயில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். இருவரின் அளவை அவரே தள்ளிவிட்டார். மீதி நால்வரில் ஒருவரிடம் மட்டுமே முக்கால் அவுன்ஸ் (அந்த 21 கிராம்) குறைந்து அப்படியே நின்றது. மற்றவர்களிடம் குறைந்த அளவும் நேரமும் வேறு வேறு. உயிர் பிரிந்த நொடி எது என்று திட்டமாகச் சொல்ல அன்று கருவியும் இல்லை. ஒத்துவந்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறப்பதுதான் இங்கே நடந்த தவறு. சோதனை தோற்றதால் ஆன்மா இல்லை என்று முடிப்பதும் அதே அளவு தவறு. எடையுள்ள ஆன்மா என்ற ஒரு கூற்றுக்குத்தான் சான்று கிடைக்கவில்லை.

அடுத்தது "செத்துப் பிழைத்தவர் சொன்னார்" என்பது. இதயம் நின்றவுடன் மூளைச் செல்கள் அழிந்துவிடுவதில்லை. திரும்பி வந்தவர் மீளமுடியாத சாவை அடைந்தவர் அல்லர். அவர் கண்ட காட்சி துடிப்பு நின்றபோது வந்ததா, நினைவு திரும்பும்போது வந்ததா என்று பிரிப்பதே பெரும்பாடு. இதற்காக 15 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்து 2014-இல் வெளியானது. உடலை விட்டு மேலெழுந்து பார்த்ததாகச் சொல்வதைச் சோதிக்க, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் படங்களை உயரத் தட்டுகளில் வைத்தார்கள். இதயம் நின்ற நிகழ்வுகள் 2,060. முழுமையாகப் பேட்டி கண்டது 101 பேரை; மரண விளிம்பு அனுபவம் சொன்னவர்கள் 9 பேர். நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் சொன்ன இருவருமே தட்டு இல்லாத இடத்தில் இருந்தவர்கள். ஆக, படச்சோதனை நடக்கவே இல்லை. அதை வெற்றி என்றோ தோல்வி என்றோ எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

தர்க்கத்தில் வேறொரு சறுக்கல். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியிடம் (எல்லாம் மண், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையே என்பவர்), உன் தாய் தந்தையரைக் கருதலால், அதாவது ஊகித்து அறிவதால், அன்றி எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள் காப்பிய நாயகி மணிமேகலை. கூர்மையான கேள்விதான். ஆனால் அதனால் மறுபிறவி நிறுவப்பட்டுவிடாது; கருதலும் அறிவதற்கான ஒரு வழி (அளவை) என்பதற்கு இடம் உண்டு என்பது மட்டுமே தேறும். புகையைக் கண்டு நெருப்பைக் கருத முடிவது, இரண்டையும் அடுக்களையில் சேர்த்துப் பார்த்திருப்பதால். மறுமையையும் அதன் அடையாளம் ஒன்றையும் அப்படிச் சேர்த்துப் பார்த்தவர் யார்? இந்த இணைப்பு இல்லாமல் வாதம் எத்தனை ஒழுங்காக இருந்தாலும், முதலில் எதை ஒப்புக்கொண்டோமோ அதுவே முடிவாகத் திரும்பி வரும்.

மூளை அடிபட்டால் நினைவும் குணமும் மாறுவது மறுமைக்கு எதிரான வலுவான சான்று. மூளை வெறும் ஊடகம், உணர்வு வேறிடத்திலிருந்து அதன் வழியே வருகிறது என்ற பதில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் காலத்திலிருந்தே உண்டு. முரண் இல்லாத பதில்தான். முரண் இல்லை என்பதையே சான்றாக எண்ணிவிடக் கூடாது.

முற்பிறவி நினைவு என்று வரும் செய்திகளில் முதலில் கேட்க வேண்டியது: குழந்தை சொன்னதை இரு குடும்பங்களும் சந்திக்கும் முன்பே யாராவது தேதியிட்டு எழுதிவைத்தார்களா? சந்தித்தபின் திரட்டிய சாட்சியத்தில், கேட்ட விவரங்கள் குழந்தை சொன்னவையாக மாறிவிடும்.

இத்தகைய நேர்வுகளைத் தொகுத்த இயன் ஸ்டீவன்சன், தனக்கு மட்டுமே தெரிந்த குறியீட்டில் ஒரு பூட்டைப் பூட்டிவைத்து, இறந்தபின் அதைத் தெரிவிக்க முயல்வதாகச் சொல்லியிருந்தார். 2007-இல் இறந்தார். சோதனையின் அமைப்பு நல்லது: பூட்டு யாரோ சொன்ன குறியீட்டால் திறந்தால் அது பெரிய செய்தி. திறக்காவிட்டால், மறுமை இல்லை என்றும் கொள்ளலாம், அங்கிருந்து பேச வழியில்லை என்றும் கொள்ளலாம்.