வெளிநாட்டு போஸ்டிங் செலவு எஸ்டிமேட்: எல்லாரும் திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

அமெரிக்க அரசாங்க ஊழியர் ஒருத்தரை வெளிநாட்டு போஸ்டிங்குக்கு அனுப்பினா மொத்தமா எவ்வளவு ஆகும்னு கணக்கு போடற வேலையில பல வருஷமா இருக்கேன். புதுசா யாராவது ஷீட் போட்டு கொண்டுவந்தா நான் முதல்ல பாக்கறது, சதவீதத்தை எந்த தொகை மேல போட்டிருக்காங்கன்னுதான். அங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க.

வாஷிங்டன்ல 1,00,000 டாலர் வாங்கற ஒரு ஜிஎஸ் (ஜெனரல் ஷெட்யூல், அதாவது சாதாரண சிவிலியன் சம்பள அட்டவணை) ஊழியரை எடுத்துக்குங்க. அதுக்குள்ள லோக்காலிட்டி பே, அதாவது வேலை பாக்கற ஊரைப் பொறுத்து அடிப்படை சம்பளத்து மேல சேர்ற சதவீதம், கலந்திருக்கு, 2025-ல வாஷிங்டனுக்கு அது 33.94 சதவீதம், வெளிநாட்டுக்கு போனா ஜிஎஸ் ஆளுங்களுக்கு அது நின்னுடும், அப்போ அடிப்படை சம்பளம் சுமார் 74,660 டாலர்தான். போற ஊருக்கு ஹார்ட்ஷிப் டிஃபரன்ஷியல், அதாவது கஷ்டமான ஊர்ல வேலை பாக்கறதுக்கான கூடுதல் சம்பளம், 20 சதவீதம்னா 14,932 வரும். ஷீட்ல பாத்தா 20,000-னு இருக்கும், வாஷிங்டன் சம்பளத்து மேலயே போட்டிருப்பாங்க. ஃபாரின் சர்வீஸ்காரங்க, அதாவது தூதரகப் பணியில இருக்கறவங்க, கதை வேற, அவங்களுக்கு ஓவர்சீஸ் கம்பாரபிலிட்டி பேன்னு வாஷிங்டன் லோக்காலிட்டியில மூணுல ரெண்டு பங்கு வருது, அதனால இந்த ரெண்டு பேரையும் ஒரே ஃபார்முலாவுல இழுத்து விடாதீங்க.

அதே 20 சதவீதம் போஸ்ட் அலவன்ஸுக்கு, அதாவது விலைவாசி அதிகமான ஊருக்குன்னு தர்ற, நாம கோலான்னு சொல்ற படிக்கு வந்தா, அர்த்தமே மாறிடுது. அது சம்பளத்து மேல கிடையாது, ஸ்பெண்டபிள் இன்கம் மேல. வரி, சேமிப்பு, இன்ஷூரன்ஸ், வீட்டுச் செலவு எல்லாம் போக கடையில சாமான் வாங்க செலவாகற பங்குதான் அது, சம்பளத்தையும் குடும்பத்துல எத்தனை பேருங்கறதையும் வெச்சு டேபிள்ல பாத்து எடுக்கணும். நம்ம ஆளுக்கு அது பேச்சுக்கு 40,000-ன்னு வெச்சுக்கிட்டா கோலா 8,000 டாலர். 74,660-ல 20 சதவீதம் போட்டவர் கிட்டத்தட்ட 7,000 டாலர் கூட கேட்டிருப்பார், அந்த பணம் வேற ஒரு போஸ்டுக்கு இல்லாம போகும்.

அடுத்தது ஃப்ரிஞ்ச் ரேட், அதாவது சம்பளத்து மேல ஆபீஸ் கட்டற ரிடையர்மென்ட், சோஷியல் செக்யூரிட்டி மாதிரி செலவுக்கான சதவீதம். எல்லா அலவன்ஸையும் சம்பளத்தோட கூட்டி மொத்தத்துக்கும் ஒரே ரேட் போடற பழக்கம் ரொம்ப தப்பு. ஹார்ட்ஷிப்பும் டேஞ்சர் பேயும் (ஆபத்தான ஊருக்குத் தர்றது) வரி கட்டற வருமானம், அதனால சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம்னு ஆபீஸ் பங்கு சேரும், ஆனா ரிடையர்மென்ட் கணக்குக்கு அது அடிப்படை சம்பளம் இல்ல, ஃபெர்ஸ் (அரசாங்க ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பங்கு போடக்கூடாது. கோலா, வீட்டு வாடகைக்கான எல்கியூஏ, கல்வி அலவன்ஸ் எல்லாம் வரியே இல்லாதது. இங்கயே போற ஊழியர்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், வெளிநாட்டுல சம்பாதிச்சா ஒரு தொகை வரைக்கும் வருமான வரி விலக்குன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது அரசாங்க சம்பளத்துக்கு கிடையாது, அதை நம்பி வீட்டு பட்ஜெட் போடாதீங்க.

எல்கியூஏ எல்லாருக்கும் உண்டுன்னு எடுத்துக்கறதும் ஆபத்து. அமெரிக்காவுல இருந்து ரெக்ரூட் ஆனவரா, இல்ல அந்த நாட்டுலயே இருந்து வேலைக்கு சேந்தவராங்கறதுக்கு டிஎஸ்எஸ்ஆர்-ல, அதாவது வெளிநாட்டு அலவன்ஸுக்கான அரசாங்க விதிமுறையில, தனித்தனி நிபந்தனை இருக்கு. 2013-ல பாதுகாப்புத் துறையில நூத்துக்கணக்கான சிவிலியன் ஊழியர்கள்கிட்ட வருஷக்கணக்கா வாங்கின எல்கியூஏ தகுதி இல்லாம வந்ததுன்னு சொன்னப்போ அந்த குடும்பங்க என்ன பாடு பட்டிருக்கும், கொஞ்சம் நினைச்சு பாருங்க. தகுதி இருக்கறவங்களுக்கும் சீலிங் தொகையை, அதாவது அதிகபட்ச வரம்பை, அப்படியே செலவுன்னு போடாதீங்க, வாடகையும் கரண்ட் தண்ணி பில்லும் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். சில ஊர்ல வீட்டுக்காரர் ஒரு வருஷ வாடகையை முன்னாடியே கேப்பார், அதுக்கு அட்வான்ஸ் குடுக்க வழி இருக்கு, ஆனா முதல் மாசமே பெரிய தொகை வெளிய போகும். டாலர் மதிப்பு இறங்கினா வாடகையும் கோலாவும் ஒரே நேரத்துல ஏறும்ங்கறதையும் மறந்துடறாங்க. ரேட் எல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மாறலாம், போன வருஷ ஷீட்டை காப்பி பண்ணி தேதி மட்டும் மாத்தினா வேலைக்கு ஆகாது.

எனக்கு ரொம்ப வலிச்சது ஒண்ணு சொல்றேன். நான் முன்னாடி இருந்த ஒரு ஆபீஸ்ல, போஸ்டிங்ல இருந்தவர் தனி ஆள், அவர் செலவை வெச்சே அடுத்த வருஷத்துக்கும் போட்டுட்டோம். வந்தவருக்கு மனைவி, ரெண்டு பசங்க. ஸ்கூல் ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது, நம்ம நிதியாண்டு அக்டோபர் 1-க்குத்தான், ஃபீஸ் பில் பழைய வருஷ கடைசியில வந்து நிக்குது, அந்த கணக்குல காசே இல்ல. அந்த அம்மா போன்ல "அட்மிஷன் போயிடுமா சார்"னு கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. எப்படியோ வேற கணக்குல இருந்து புரட்டி கட்டினோம், ஆனா பசங்க ரெண்டு வாரம் லேட்டாத்தான் கிளாஸுக்கு போனாங்க. அந்த பதவிக்கு சராசரி இவ்வளவுன்னு போடற எஸ்டிமேட்ல ஒரு குழந்தையோட ஃபீஸ் கூட அடங்காது.

மாறுதல் வருஷத்தையும் சாதாரண வருஷத்தையும் தனியா போடுங்க. போய் சேந்ததும் தற்காலிக தங்கலுக்கான அலவன்ஸ் 90 நாள் வரைக்கும் ஓடும், கிளம்பறப்போ 30 நாள். சாமான் அனுப்ப பொதுவா 18,000 பவுண்டு வரைக்கும் உண்டு, ஃபர்னிச்சரோட வீடு குடுக்கற போஸ்ட்னா ஃபாரின் சர்வீஸ்காரங்களுக்கு 7,200 பவுண்டுதான், மிச்சத்தை அமெரிக்காவுல ஸ்டோரேஜ்ல வெச்சா அந்த வாடகை போஸ்டிங் முடியற வரைக்கும் மாசாமாசம் வரும், இதை ரெண்டாவது வருஷ ஷீட்ல போட்டவங்களை நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன்.

அதனால இப்போ ஷீட்டை மூடறதுக்கு முன்னாடி போறவரை ஒருதடவை கூப்பிட்டு பேசிடறேன். யார் யார் கூட வர்றாங்க, பசங்க எந்த கிளாஸ், யாருக்காவது ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையா, காலேஜ் படிக்கற பிள்ளை 23 வயசுக்குள்ள இருக்கா, இருந்தா வருஷம் ஒருதடவை போக வர டிக்கெட் உண்டு. மனைவியோ கணவரோ இங்கயே தங்கறாங்களா, அப்படின்னா செபரேட் மெயின்டனன்ஸ், அதாவது தனியா இருக்கற குடும்பத்துக்கான அலவன்ஸ், கேக்கப் போறாங்களா. இருபது நிமிஷம் ஆகும், பெரும்பாலும் ஷீட்ல மூணு நாலு வரி மாறும்.