கார் கதவுக்கு இடது கை

சாலையோரம் நிறுத்தியதும் ஓட்டுநர் கதவை வலது கையால் திறக்காதீர்கள். இடது கையைக் குறுக்கே நீட்டித் திறங்கள். அப்படி நீட்டும்போது தோள் தானாகத் திரும்பும், கண் பக்கக் கண்ணாடிக்கும் பின்னால் வரும் சைக்கிளுக்கும் போய்விடும். பினாங்கு லெபோ பாசார் மாதிரி நெருக்கமான தெருவில் சைக்கிள்காரர் நிற்கிற கார்களை ஒட்டித்தான் வருவார். கதவு ஒரு சாண் திறந்தாலே ஹேண்டில்பார் மாட்டிக்கொள்ளும். பின்னால் வலப்பக்கம் உட்காரும் பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள்.

இடப்பக்கம் இருப்பவருக்கு வலது கை. ஒருவழிச் சாலையில் வலது ஓரம் நிறுத்தினால் அவர்தான் கவனிக்க வேண்டும். நகர்த்தித் திறக்கும் கதவுள்ள வேனுக்கு இது உதவாது, கதவு வெளியே விரியாதே. அங்கே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் சரி.