நாட்டுக்கோழி சுத்தம் செய்ய வீட்டிலேயே கருவிகள்: கூம்பு, வெந்நீர் அண்டா, இறகு பிடுங்கும் உருளை

குலசாமி கும்பிடுக்குப் பத்துப் பதினைந்து கோழியை ஒரே காலையில் அறுக்க வேண்டியிருந்தால், அறுப்பதற்கோ வெட்டுவதற்கோ அதிக நேரம் ஆகாது. இறகு பிடுங்குவதில்தான் பொழுது போகும். கறிக்கடையில் பிராய்லரைத் தோலோடு உரித்துப் போட்டுவிடுவார்கள். நாட்டுக்கோழிக்கு அந்த வழி ஆகாது. மஞ்சள் தடவி வாட்டிய தோல் இல்லாவிட்டால் குழம்பில் பாதி ருசி போய்விடும். எனவே தோல் கிழியாமல் இறகை மட்டும் எடுக்க வேண்டும்.

அதற்கு மூன்று கருவிகள் போதும். எல்லோரும் முதலில் மிஷினைச் செய்யத்தான் ஆசைப்படுவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் கூம்பு, அடுத்து வெந்நீர், அதன் பிறகு உருளை. "மிஷின் சரியாகப் பிடுங்கவில்லை", "தோலைக் கிழிக்கிறது" என்று சொல்லும்போது, குறை பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும். தண்ணீரின் சூடு கைக்கு வந்தவருக்கு மிஷின் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

கூம்பு

கோழியைத் தலைகீழாக இறக்கினால் சிறகு உடலோடு ஒட்டி நிற்கும், படபடக்காது. படபடக்கவிட்டால் சிறகு எலும்பு முறியும், நெஞ்சுக்கறியில் ரத்தம் கட்டும், அறுப்பவர் கையிலும் கத்தி படும்.

ஒன்றரை முதல் இரண்டு கிலோ கோழிக்கு மேல்வாய் 20 செ.மீ., கீழ்வாய் 10 செ.மீ., உயரம் 30 செ.மீ. இருக்க வேண்டும். 26 கேஜ் ஜி.ஐ. தகட்டில் 75 × 40 செ.மீ. துண்டு ஒன்று வாங்குங்கள். தகட்டை மரப்பலகை மேல் வைத்து, அதன் நீள ஓரத்திலிருந்து 25 செ.மீ. வெளியே தள்ளி, நடுவுக்கு நேராகப் பலகையில் ஓர் ஆணி அடியுங்கள். ஆணியில் கயிறு கட்டி 30.5 செ.மீ. தூரத்தில் ஒரு வில்லும் 61 செ.மீ. தூரத்தில் இன்னொரு வில்லும் வரையுங்கள். வெளி வில்லின் மேல் நூலை வளைத்து 63 செ.மீ. அளந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதற்கு 2 செ.மீ. கூட்டி, இரு முனைகளையும் குறியுங்கள். அந்த இரு குறிகளிலிருந்தும் ஆணியை நோக்கிக் கோடு இழுத்து வெட்டினால் விசிறி வடிவம் கிடைக்கும். அதைச் சுருட்டி, 4 மி.மீ. பாப் ரிவெட் மூன்று அடித்தால் கூம்பு தயார். ரிவெட்டின் தட்டைத் தலை உட்பக்கம் இருக்கட்டும். மாற்றி அடித்தால் அதன் முனை கோழியின் நெஞ்சைக் கீறும். வெட்டிய விளிம்புகளுக்கு, நீளவாக்கில் கீறிய பழைய ஹோஸ் குழாயை மாட்டிவிடுங்கள்.

கீழ்வாய் அளவில்தான் தவறு நடக்கும். சிறுவிடைக் கோழிக்கு 10 செ.மீ. வாய் பெரிது, தோள் வரை நழுவி இறங்கி, கோழி உள்ளேயே திரும்பிக்கொள்ளும். அதற்கு 8 செ.மீ. போதும். பெருவிடைச் சேவலுக்குக் கீழே 12, மேலே 25 செ.மீ. வேண்டும். தகட்டு வேலை வேண்டாம் என்றால், சாலையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பின் நுனியை வாய் அளவு பார்த்து வெட்டிக்கொள்ளலாம்.

கூம்பை ஒரு மரத்திலோ கல்தூணிலோ, கீழ்வாய் இடுப்பு உயரத்தில் வருமாறு போல்ட் போட்டு முடுக்குங்கள். கீழே ஒரு வாளி.

அறுப்பதற்கு முந்தைய மாலையே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். 10 முதல் 12 மணி நேரம் இரைப்பை காலியாக இருந்தால் குடலை எடுக்கும்போது கறியில் அழுக்கு படாது. தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம். தூங்கி வழியும் கோழியையும் வெள்ளைக் கழிச்சல் கண்ட கோழியையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. கூம்பில் இறக்கிய பின் தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களையும் நல்ல கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் அறுங்கள். இரண்டு நிமிடம் ரத்தம் வடியட்டும். கடைசி உதறல் அடங்கிய பிறகுதான் கூம்பிலிருந்து எடுக்க வேண்டும். ரத்தம் முழுதும் வடியாமல் வெந்நீரில் முக்கினால் தோல் சிவந்துபோகும்.

வெந்நீர் அண்டா

40 லிட்டர் அண்டாவில் 25 லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் ஊற்றினால் கோழியை முக்கும்போது வழிந்து காலில் கொட்டும். குறைத்தால் தொடை வரை முங்காது. விறகடுப்பிலோ கேஸ் பர்னரிலோ அண்டா ஆடாமல் உட்காரும்படி மூன்று பக்கமும் கல் வையுங்கள்.

வேண்டிய சூடு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்களுக்கு மதுரை வெயில் ஓர் உதவி செய்கிறது. நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் வருஷத்தில் பல மாதம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் தொட்டித் தண்ணீர் ஒரு பங்கும் சேர்ந்தால் 65 டிகிரி. அண்டா கொஞ்சம் சூட்டைக் குடித்துக்கொள்ளும், எனவே 62, 63-ல் வந்து நிற்கும். மார்கழிக் காலையில் மட்டும் கொதிநீரை ஒரு லிட்டர் கூடுதலாக விடுங்கள். வெப்பமானி வாங்குவதென்றால் 100 டிகிரி வரை காட்டுவதாக வாங்க வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் அரைத் தேக்கரண்டி சேருங்கள். கோழி இறகில் இயற்கையாகவே எண்ணெய்ப் பூச்சு உண்டு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் மேலாக ஓடிவிடும், வேர் வரை இறங்காது.

கோழியின் இரு கால்களையும் பிடித்து முழுதாக முக்கி, மேலும் கீழுமாக அலசுங்கள். சிறகுகளை ஒரு குச்சியால் விரித்துவிட வேண்டும். மடிந்த சிறகுக்குள் சூடு போகாததால்தான் எல்லா இடமும் வழுவழுவென்று வந்தாலும் சிறகில் மட்டும் இறகு அடம்பிடிக்கும். இளங்கோழிக்கு 45 விநாடி, முற்றிய சேவலுக்கு 60 முதல் 75 விநாடி. ஆனால் விநாடியை மட்டும் நம்ப வேண்டாம். 40-வது விநாடியிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாலில் உள்ள பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். விரலுக்கு எதிர்ப்பே தெரியாமல் வழுக்கி வந்தால் உடனே எடுங்கள். காலில் உள்ள செதில் தோல் உரியத் தொடங்குவதும் சரியான அடையாளம்.

சூடு 68-க்கு மேல் போனால் தோலின் மேலடுக்கு வெந்து, தொட்டாலே பிய்யும். நெஞ்சுப் பகுதியில் கறி வெளுத்துத் தெரியும். 58-க்குக் கீழே இறங்கினால் சிறகு இறகு லேசில் விடாது. அவசரத்தில் இழுத்தால் தோலோடு வரும். கருங்கோழிக்கு இன்னும் கவனம் வேண்டும்: தோல் கறுப்பாக இருப்பதால் வெந்தது கண்ணுக்குத் தெரியாது, வால் இறகுச் சோதனை ஒன்றே வழி.

ஒவ்வொரு கோழியும் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பக்கத்து அடுப்பில் எப்போதும் கொதிநீர் தயாராக இருக்கட்டும். அண்டாவில் 20 லிட்டர் இருக்கும்போது ஒன்றரை லிட்டர் கொதிநீர் விட்டால் ஏறக்குறைய 3 டிகிரி ஏறும். ஏழெட்டுக் கோழி முடிந்ததும் தண்ணீரையே மாற்றிவிடுங்கள்.

இறகு பிடுங்கும் உருளை

டிரம் வடிவில், கோழியை உள்ளே போட்டுச் சுழற்றும் மிஷின்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அது நிறையக் கோழி வளர்ப்பவர்களுக்கு. வீட்டுத் தேவைக்கு, ரப்பர் விரல்கள் பதித்த உருளை சுழல, கோழியைக் கையில் பிடித்துக் காட்டும் வகையே நல்லது. சாமான் குறைவு, பழுது குறைவு, எந்த இடத்தில் தோல் மெல்லிசு என்பதும் கைக்குத் தெரியும்.

வேண்டிய சாமான்கள்:

- 160 மி.மீ. பிவிசி குழாய், 30 செ.மீ. நீளம்
- ரப்பர் விரல்கள் 36 (32 பொருத்த, 4 உபரி). கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்
- 25 மி.மீ. ஷாஃப்ட், 60 செ.மீ.
- யூசிபி 205 பேரிங் இரண்டு (இது 25 மி.மீ. ஷாஃப்டுக்கானது)
- குழாய்க்குள் இறுக்கமாக உட்காரும் 20 மி.மீ. கன பிளாஸ்டிக் வட்டு இரண்டு
- லேத்தில் கடைந்த இரும்பு பிளேஞ்ச் இரண்டு (வட்டை ஷாஃப்டோடு இணைக்க)
- அரை எச்.பி., 1440 ஆர்.பி.எம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார்
- 2 அங்குலப் புல்லி, 8 அங்குலப் புல்லி, ஏ 42 வி பெல்ட்
- 40 மி.மீ. எல் ஆங்கிள், ஸ்டாண்டுக்கு

பழைய வெட் கிரைண்டர் மோட்டார் இதற்கு ஏற்றது; தகட்டில் 1440 என்று இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பம்பு மோட்டார் 2880 சுற்றும், அதை மாட்டினால் தோல் மிஞ்சாது. 1440-ஐ 2-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உருளைக்கு நிமிடத்துக்கு 360 சுற்று வரும். இந்த வேகம்தான் வேண்டும்.

முதல் வேலை துளை. ரப்பர் விரலைக் கையில் வாங்கும் வரை துளை போடவே கூடாது. விரலின் கழுத்துப் பள்ளத்தை வெர்னியரால் அளந்து, அதே விட்டத்துக்கு ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) வாங்குங்கள். வழக்கமாக 19 மி.மீ. ஒட்டி வரும், ஆனால் கடைக்குக் கடை மாறும். குழாயின் மீதித் துண்டில் ஒரு துளை போட்டு, விரல் இறுக்கமாக நிற்கிறதா என்று சோதித்த பிறகே உருளையில் கைவையுங்கள்.

குழாயின் சுற்றளவு 50 செ.மீ. அதை எட்டாகப் பிரித்து 6.3 செ.மீ. இடைவெளியில் எட்டு நீளக்கோடுகள் போடுங்கள். ஒற்றைப்படைக் கோடுகளில் ஓரத்திலிருந்து 4.5, 10.5, 16.5, 22.5 செ.மீ. தூரத்தில் துளை. இரட்டைப்படைக் கோடுகளில் 7.5, 13.5, 19.5, 25.5. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் ஒரு விரல் விட்ட இடத்தை அடுத்த விரல் தொடும். எல்லாவற்றையும் நேர்வரிசையில் வைத்தால் கோழி உடம்பில் கோடு கோடாக இறகு மிஞ்சும். துளை விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு எடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் அறுந்துவிடும்.

விரலின் தலை உருளைக்கு உள்ளே இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளேயிருந்து நுனியை நீட்டி, வெளியே குறடால் பிடித்து இழுத்தால் "டப்" என்று கழுத்து உட்காரும். முதல்முறை செய்பவர்கள் இரண்டு பக்க வட்டையும் முடுக்கிவிட்டு, விரல் பொருத்த வழியில்லாமல் கழற்றுவார்கள். விரல்கள் எல்லாம் ஏறிய பிறகே வட்டு. அதையும் ஸ்க்ரூவால் மட்டும் முடுக்குங்கள், ஒட்ட வேண்டாம். நாளை ஒரு விரல் அறுந்தால் திறக்க வேண்டியிருக்கும்.

பிளேஞ்சை வட்டோடு நான்கு போல்ட்டால் இணைத்து, ஷாஃப்டில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகாணி) போடுங்கள். ஸ்க்ரூ பதியும் இடத்தில் ஷாஃப்டை அரத்தால் தட்டையாக ராவிக்கொள்ளுங்கள். வட்டமான ஷாஃப்டின் மேல் கிரப் ஸ்க்ரூ நிற்காது. கோழியை அழுத்தியதும் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், உருளை நின்றுவிடும்.

ஸ்டாண்டில் உருளையின் நடு 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் வரட்டும். மோட்டார் பின்பக்கம், தண்ணீர் தெறிக்காத இடத்தில், தகட்டு மறைப்போடு. மோட்டார் போல்ட் துளைகளை நீளத் துளைகளாகப் போட்டால் பெல்ட்டை இறுக்க வசதி. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். உருளையின் மேலும் பின்னும் அரைவட்டமாகத் தகடு வளைத்து, விரல் நுனிக்கும் தகட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

சுழலும் திசை முக்கியம். உங்கள் பக்கம் தெரியும் விரல்கள் மேலிருந்து கீழே ஓட வேண்டும். அப்போதுதான் இறகு கீழே கூடையில் விழும். எதிர்த்திசையில் ஓடினால் வெந்நீரும் இறகும் முகத்தில் அடிக்கும். திசை மாறியிருந்தால் மோட்டாரை எடுத்து ஷாஃப்ட் மறுபக்கம் பார்க்குமாறு திருப்பி மாட்டினாலே சரியாகும். புல்லியும் அந்தப் பக்கத்துக்கு மாற வேண்டும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஈரத் தரை, ஈரக் கை, இரும்பு ஸ்டாண்ட் மூன்றும் சேர்ந்த இடம் இது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் மாட்டவே கூடாது. ஸ்டாண்டுக்கும் மோட்டாருக்கும் எர்த் இழுங்கள். கை இரண்டும் கோழியில் இருக்கும் என்பதால், முழங்காலால் தட்டி நிறுத்தும் இடத்தில் சுவிட்ச் வையுங்கள். தொங்கும் துண்டு, வளையல், அவிழ்ந்த கூந்தலோடு அருகில் போகக் கூடாது. குழந்தைகளும் தள்ளி நிற்கட்டும்.

ஓட்டும் முறை

அண்டாவிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள் பிடுங்கத் தொடங்குங்கள். ஆறவிட்டால் இறகின் வேர் மறுபடி இறுகும். ஒரு கையில் இரு கால்களும், மறு கையில் தலையும். முதுகு, தொடை, நெஞ்சு, கடைசியாகச் சிறகு என்று திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். அழுத்த வேண்டாம், விரல்கள் தட்டினால் போதும். ஓரிடத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிறுத்தினால் தோல் கிழியும். கழுத்தடியும் தொடை இடுக்கும் முதலில் கிழியும் இடங்கள். மெல்லிய குழாயில் உருளை மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் இறகு சிக்காது. சிறகின் பெரிய இறகுகளை முன்னதாகவே கையால் பிடுங்கிவிடுவது நல்லது. பழகிய கைக்கு ஒரு கோழி ஒரு நிமிடத்தில் முடியும்.

உருளை அதிர்ந்தால் வட்டின் துளை நடுவில் இல்லை என்று பொருள், லேத்துக்குத்தான் போக வேண்டும். பெல்ட் கீச்சிட்டு வழுக்கினால் பெரும்பாலும் தண்ணீர் பட்டிருக்கும். துடைத்துவிட்டு மூடியைச் சரிசெய்யுங்கள். மோட்டார் "ம்ம்" என்று உறுமியபடி நின்றால் உடனே அணைத்துவிட்டுக் கண்டன்சரைச் சோதியுங்கள்.

முளைத்துவரும் குருத்து இறகுகளை எந்த மிஷினும் முழுதாக எடுக்காது. மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டிச் சுரண்டினால் மெல்லிய ரோமம் பொசுங்கிப் போகும், குருத்தும் சுலபமாக வரும். இறகு உதிர்த்து முளைக்கும் பருவத்தில் உள்ள கோழியை இறகு முழுதும் வளரும் வரை தள்ளிப்போட்டால் இந்தப் பாடு இல்லை.

ரத்தமும் இறகும் நாய் தோண்டாதபடி இரண்டடிக் குழியில், காய்ந்த சருகோடு கலந்து தென்னை மரத்தைச் சுற்றிப் புதைக்கலாம். தழைச்சத்து நிறைய உண்டு.

கழுவும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு, கடைசியாக 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி புதிய பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். விரல்களில் கொழுப்புப் பிசுக்கு இருந்தால் ரப்பர் ஊறிக் கெடும், எலியும் கடிக்கும். வெயில் படாத இடத்தில் சாக்கு போட்டு மூடிவையுங்கள். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு விரலையும் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அந்த விரலை அப்போதே மாற்றுங்கள், அறுந்த துண்டு கறியோடு போய்விடும்.